பத்து நாளைக்கு மட்டும்

அத்தியாயம் 17

மாடியில் வாஷிங் மெஷின் ஓடி இன்றோடு பன்னிரண்டு நாள்.

சனிக்கிழமை காலையில் தலைக்கு மேல் அது கடகடவென்று சுற்றும். ராஜகீழ்ப்பாக்கம் கிருபா நகரில் தேவானந்தம் வீட்டுக்கு அது பழகிப்போன சத்தம். இன்று அது இல்லாததால் இட்லி குக்கரின் ஆவி கூடப் பெரிதாகக் கேட்டது.

அந்தத் திங்கட்கிழமை நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மாடியில் குடியிருக்கும் ஸ்ம்ருதி ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று மெஷின் மூடியைத் தொட்டாள். தொட்ட கையை எடுக்க முடியவில்லை. அவள் கணவன் ஷ்யாம்சுந்தர் கீழே ஓடிவந்து மெயினை இறக்கிய பிறகுதான் அவள் தரையில் விழுந்தாள். ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. உயிர் தப்பியது. வலது கையில் இரண்டு விரல்கள் மட்டும் இன்னும் மரத்தே இருக்கின்றன.

மெஷினுக்குள் எலி கடித்து ஒரு வயர் அதன் இரும்பு உடம்போடு ஒட்டியிருந்தது. சரி, எலி எல்லா வீட்டிலும் கடிக்கிறது. இந்த வீட்டில் ஏன் கரண்ட் உடனே நிற்கவில்லை? வயரிங் பார்ப்பவர் முனிரத்தினம். அவர்தான் ஏதோ கோளாறு செய்துவிட்டார் என்று நகர் முழுக்கப் பேச்சு. இன்று மாலை நாலு மணிக்கு ஷ்யாம் போலீஸ் ஸ்டேஷனில் அவர் மேல் புகார் கொடுக்கப் போகிறான். அதற்கு முன்பு பதினொரு மணிக்கு இன்ஷூரன்ஸ் சர்வேயர் வருகிறார்.

உண்மை தெரிந்தவர்கள் மூன்றே பேர். முனிரத்தினம், தேவானந்தம், அவர் மனைவி புஷ்பம். மூவரும் இதுவரை வாய் திறக்கவில்லை.

"இட்லி ஆறுது," என்றாள் புஷ்பம்.

"பசிக்கல."

"பசிக்காமலே சாப்பிடுங்க. சர்வேயர் வந்து நிக்கும்போது மயக்கம் போட்டு விழுந்தீங்கன்னா, அதுக்கு வேற தனியா ரிப்போர்ட் எழுதுவாங்க."

தேவானந்தம் சிரிக்கவில்லை. ஒரு விள்ளலை எடுத்துச் சட்னியில் தோய்த்துத் தட்டிலேயே வைத்தார்.

"அவர்கிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

"கேட்டா சொல்றேன்."

"கேக்கலைன்னா?"

அவர் எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

உங்கள் வீட்டு மெயின் போர்டைத் திறந்து பாருங்கள். சின்னதாக வரிசையாக நிற்பவை எம்.சி.பி.க்கள். வயர் சூடேறித் தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள்வது அவற்றின் வேலை. பத்து, பதினாறு ஆம்பியர் தாண்டினால்தான் அவை விழுந்து கரண்டை நிறுத்தும். ஓரத்தில் கொஞ்சம் அகலமாக, டெஸ்ட் என்பதற்கு 'T' எழுத்துப் போட்ட பொத்தானோடு இன்னொன்று இருக்கும். எலக்ட்ரீஷியன்கள் அதை ட்ரிப்பர் என்பார்கள்.

அதன் வயிற்றில் ஒரு வளையம். வீட்டுக்குள் போகும் கரண்டும் திரும்பி வரும் கரண்டும் அந்த வளையத்துக்குள் நுழைந்துதான் ஆக வேண்டும். இரண்டும் சமமாக இருக்கிறவரை அது சும்மா இருக்கும். போனதில் கொஞ்சம் திரும்பி வரவில்லையென்றால், அது வேறு வழியில் தரைக்கு இறங்குகிறது என்று அர்த்தம். நனைந்த சுவர் வழியாக இருக்கலாம். ஒரு ஆளின் உடம்பு வழியாகவும் இருக்கலாம். முப்பது மில்லி ஆம்பியர் குறைந்தால் போதும், கண் இமைப்பதற்குள் எல்லாவற்றையும் நிறுத்திவிடும். அதைவிடச் சற்று அதிகமானால் மனிதனின் இதயம் தடுமாறும். எம்.சி.பி.க்கு அந்த அளவு கண்ணிலேயே படாது.

போன டிசம்பரில் தேவானந்தம் வீட்டு ட்ரிப்பர் தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது.

மொட்டை மாடிக் கம்பத்தில் கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டியிருந்தார்கள். அதற்குப் போன வயரில் ஓர் ஒட்டு. மேலே சுற்றிய டேப்புக்குள் மழைத் தண்ணீர் போய், இரும்புக் கம்பம் வழியாகக் கரண்ட் கசிந்தது. ஸ்டாரைப் போட்டால் வீடு முழுக்க அணைந்தது. ஒட்டைப் பிரித்து, முழு நீளத்துக்குப் புது கேபிள் இழுத்தால் சரியாகிவிடும். மழை விட்டால் அரை நாள் வேலை. மழை விடவில்லை.

பதினெட்டாம் தேதி சர்ச் கேரல் குழு கிருபா நகருக்கு வந்தது. ஸ்டார் எரிகிற வீட்டு வாசலில் வேனை நிறுத்திப் பாடுவார்கள். இருட்டாக இருந்தால் வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்று தாண்டிப் போய்விடுவார்கள். புஷ்பம் பட்டுப்புடவை கட்டி, தட்டில் கேக்கும் ஃபிளாஸ்க்கில் காபியுமாகக் காத்திருந்தாள். வேன் தெருமுனையில் திரும்பியபோது ட்ரிப்பர் விழுந்தது. தேவானந்தம் டார்ச்சைத் தேடி எடுப்பதற்குள் டிரம் சத்தம் அடுத்த தெருவுக்குப் போயிருந்தது. அந்த வீடு கட்டி முப்பத்தோரு வருஷத்தில் வாசலில் பாட்டு இல்லாமல் போனது அதுதான் முதல் தடவை.

புஷ்பம் கேக்கை வெட்டாமல் அப்படியே மாடியில் கொடுத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் தேவானந்தம் முனிரத்தினத்தைக் கூப்பிட்டார். "ட்ரிப்பரைத் தூக்கிட்டு டைரக்ட் குடுத்துடு."

"இன்னா சார், நீங்களா சொல்றது? வாணாம் சார். அது இல்லாங்காட்டி வூடே மொட்டையா பூடும்."

"பத்து நாளைக்கு மட்டும். நியூ இயர் முடிஞ்சதும் நானே கூப்பிடறேன். நான் சொல்றேன்ல?"

முனிரத்தினம் வயர்களைப் பின்னால் நேராக முறுக்கி இணைத்து மூடினார். ட்ரிப்பர் போர்டில் அப்படியே இருந்தது. விசை மேலே ஏறித்தான் நின்றது. பார்த்தால் வேலை செய்வதாகவே தோன்றும். ஜனவரியில் ஸ்டாரை இறக்கி அட்டைப் பெட்டியில் வைத்தார்கள். ட்ரிப்பர் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. இது ஆகஸ்ட்.

இத்தனைக்கும் தேவானந்தம் யார்? முப்பத்து நாலு வருஷம் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் ரிஸ்க் இன்ஸ்பெக்டர். கிண்டியிலும் அம்பத்தூரிலும் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கி, எங்கே தீப்பிடிக்கும், எங்கே கை போகும் என்று எழுதிக் கொடுத்தவர். "இது டெம்பரரி சார்" என்று எந்த மேனேஜராவது சொன்னால், "எந்தத் தேதி வரைக்கும்? தேதியும் உங்க பேரும் எழுதி அது மேலேயே ஒட்டுங்க" என்பார். ஒட்டும்வரை அந்த இடத்தை விட்டு நகர மாட்டார்.

தன் வீட்டு போர்டில் அவர் எதையும் ஒட்டவில்லை.

சேலையூரிலிருந்து மகள் ஜெரூஷா ஸ்கூட்டரில் வந்து இறங்கும்போதே சர்வேயர் லக்ஷ்மிநாராயணனின் காரும் வந்துவிட்டது. ஒரு காலத்தில் அவரும் தேவானந்தமும் பக்கத்துப் பக்கத்து மேஜை.

"சார், உங்க வீட்டுக்கே சர்வேக்கு வருவேன்னு நினைக்கல."

"நானும் நினைக்கலப்பா."

தேவானந்தத்தின் வீட்டுப் பாலிசியில், கட்டடத்தில் உள்ள குறையால் வேறொருவருக்குக் காயம் ஏற்பட்டால் அந்தச் செலவை ஏற்கும் பிரிவு உண்டு. வீட்டுக்காரர் நியாயமான கவனத்தோடு நடந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதோடு உண்டு.

லக்ஷ்மிநாராயணன் மெயினை நிறுத்தி, நாலு ஸ்குரூவைக் கழற்றி, போர்டின் மூடியை எடுத்தார். டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தார்.

"அடப்பாவி. ட்ரிப்பரை ஒதுக்கி வெச்சுட்டு நேரா முறுக்கி விட்டிருக்கான் சார்! சேஃப்டி பேசற உங்க வீட்லயே கைவரிசையக் காட்டியிருக்கான் பாருங்க."

"நான் அன்னிக்கே சொன்னேன் அங்கிள்," என்றாள் ஜெரூஷா. "நம்ம நகர் வாட்ஸ்அப் குரூப்ல, இனிமே இந்த ஆள யாரும் கூப்பிடாதீங்கன்னு போட்டேன். நாற்பத்தாறு பேர் சரின்னு கட்டைவிரலைத் தூக்கினாங்க."

"கரெக்ட்டும்மா. உரிமையாளருக்குத் தெரியாம எலக்ட்ரீஷியன் செஞ்சதுன்னு எழுதிக்கறேன். சார் ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். ஒரு வாரத்துல கிளெய்ம் பாஸ்."

அவர் எதையும் கேட்கவில்லை. பதிலையும் அவரே சொல்லி எழுதவும் ஆரம்பித்துவிட்டார்.

தேவானந்தம் பேனாவின் ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வரி முடிந்தது. இரண்டாவது வரி பாதி வந்தது.

"லக்ஷ்மிநாராயணன், நிறுத்துங்க. அவனுக்கு நான்தான் சொன்னேன்."

"சார்?"

"அவன் வேணாம்னான். நான் கேக்கல. போன டிசம்பர் பத்தொன்பது. அதுக்கப்புறம் நான் மறந்துட்டேன். எர்த் குழிக்கும் ஒரு வருஷமா தண்ணி ஊத்தல; காஞ்ச மண்ணுல கசிஞ்ச கரண்ட் இறங்காது. அதையும் எழுதிக்குங்க."

ஜெரூஷா அப்பாவையே பார்த்தாள். "நாற்பத்தாறு பேருப்பா," என்றாள். "அந்த ஆளோட பொண்ணுக்கு நம்ம சர்ச் ஸ்கூல்ல சீட்டுக்கு நான் லெட்டர் வாங்கிக் குடுத்தேன். அந்தக் கையாலயே இங்க உக்காந்து இதையும் எழுதினேன். நீங்க பக்கத்து ரூம்ல உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருந்தீங்க."



புஷ்பம் சமையலறை வாசலுக்கு வந்தாள். "எனக்காகத்தான் செஞ்சாரு. என் பேரையும் சேத்து எழுதுங்க தம்பி."

"அதுக்கு ஃபார்ம்ல இடம் இல்லம்மா," என்றார் லக்ஷ்மிநாராயணன் சங்கடமாக. பிறகு தேவானந்தத்தின் பக்கம் திரும்பினார். "இதை எழுதினா கிளெய்ம் நிக்காது சார்."

"தெரியும். அந்தப் பாராவை எத்தனை பேருக்கு நானே படிச்சுக் காட்டியிருக்கேன். அடிச்சுட்டு எழுதுங்க. ஆஸ்பத்திரி செலவு என்னுது."

லக்ஷ்மிநாராயணன் எழுதிய இரண்டு வரியையும் அடித்தார்.

மாடியேறப் பதினெட்டுப் படிகள். தேவானந்தம் நடுவில் ஒரு தடவை நின்றுதான் ஏறினார்.

ஸ்ம்ருதி சோபாவில் உட்கார்ந்து, பிசியோதெரபிஸ்ட் கொடுத்த மஞ்சள் பந்தை வலது கையால் அமுக்கிக்கொண்டிருந்தாள். மூன்று விரல்கள் பந்தில் புதைந்தன. இரண்டு விரல்கள் அதன் மேல் சும்மா கிடந்தன. மேஜையில் புகார் மனு, டைப் செய்து தயாராக இருந்தது.

அவர் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். எதையும் குறைக்கவில்லை. ஷ்யாம் கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டான்.

"நம்ம நகர் பொங்கல் மீட்டிங்ல பேசினீங்களே அங்கிள், ஞாபகம் இருக்கா? மாசம் ஒரு தடவை ட்ரிப்பர் பொத்தானை அமுக்கிப் பாருங்க, விழலைன்னா உங்களைக் காப்பாத்த ஆள் இல்லைன்னு."

"இருக்கு."

"அன்னிக்கு சாயந்தரமே நான் கீழ வந்து அமுக்கினேன். விழல."

தேவானந்தம் நிமிர்ந்து பார்த்தார்.

"நான்தான் சரியா அமுக்கலையோன்னு நினைச்சேன். உங்களைக் கேக்கலாம்னு கதவு வரைக்கும் வந்தேன். அப்புறம், இது உங்க வீட்டு போர்டாச்சே, உங்களுக்குத் தெரியாமயா இருக்கும்னு திரும்பிட்டேன்." ஷ்யாமின் கண் கலங்கியது. "ஏழு மாசம் அதை அடியோட மறந்துட்டேன். இந்தப் பன்னிரண்டு நாளாத்தான் தினம் ராத்திரி நினைக்கறேன்."

"நீ கதவைத் தட்டியிருந்தாலும் ஒண்ணுமில்லன்னு சொல்லி அனுப்பியிருப்பேனோ என்னவோ, தம்பி. எனக்கே தெரியல."

"ஷ்யாம், போதும்," என்றாள் ஸ்ம்ருதி. அவரைப் பார்த்து, "உக்காருங்கோ அங்கிள்," என்றாள். அவர் உட்காரவில்லை.

"நாலு மணிக்கு நான் போகத்தான் போறேன்," என்றான் ஷ்யாம். "பேர் மட்டும்தான் மாறும்."

"மாத்திக்கோ. எங்க கூப்பிட்டாலும் வரேன்."

கீழே இறங்கியபோது ஜெரூஷா ஸ்கூட்டரில் தயாராக இருந்தாள். "குரூப்ல எல்லாத்தையும் எழுதிட்டேன்," என்றாள். "நீங்க சொன்னதாவே. ஏறுங்க."

வேளச்சேரி சாலையில் ஜங்ஷனுக்குப் பக்கத்தில் முனிரத்தினத்தின் கடை. ஷட்டர் பாதிதான் திறந்திருந்தது. அவர் உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு பழைய சுவிட்சைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"குனிஞ்சு வா சார், தல இடிக்கும்."

"எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன் முனிரத்தினம்."

"பாத்தேன். ஊட்டுக்காரி போன்ல படிச்சுக் காட்டுச்சு. பன்னெண்டு நாளா ஒரு ஃபேன் ரிப்பேர்கூட வர்ல. இப்ப அஞ்சு நிமிசத்துல மூணு போன்."

"அண்ணா, நான் எழுதினது தப்பு," என்றாள் ஜெரூஷா.

"நீ இன்னாத்த கண்ட, வுடும்மா." சுவிட்சைக் கீழே வைத்தார். "சார் சொன்னாரு, கரெக்ட்டு. ஆனா ஸ்குரூ டிரைவர் புட்ச்ச கை என்னுது. பெரிய மனுசன் சொன்னாரு, அதான் செஞ்சேன்னு சொன்னா, அப்புறம் நான் இன்னாத்துக்கு லைசென்ஸ மாட்டி வெச்சுக்கினு குந்திக்கீறேன்?"

"ஏம்ப்பா இத்தனை நாள் ஒரு வார்த்தை சொல்லல? நான்தான் செய்யச் சொன்னேன்னு சொல்லியிருக்கலாமே."

முனிரத்தினம் வெளியே சாலையைப் பார்த்தார். தாம்பரம் பஸ் ஒன்று நின்று கிளம்பியது.

"சொன்னா மீதியும் சொல்லணும் சார்."

"மீதியா?"

"உங்க வூட்ல மட்டும் இல்ல. ட்ரிப்பர் விழுது, தூக்கிருன்னு முன்னல்லாம் யாரு கேட்டாலும் சண்ட போடுவேன். முடியாதுன்னுட்டு வந்துருவேன். உங்க வூட்ல செஞ்சதுக்கு அப்பால, சேஃப்டி சார் வூட்லயே டைரக்ட்தான்னு நானே சொல்லிக்கினேன். சண்ட போடற பேஜாரு வுட்டுச்சு."

"எத்தனை வீடு?" என்றார் தேவானந்தம்.

"நாலு."

ஜெரூஷா ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். "இப்பவே போகலாம்."

முதலில் தேவானந்தம் வீட்டு ட்ரிப்பரை இணைத்தார்கள். நாலில் இரண்டு வீடு கிருபா நகரிலேயே இருந்தன. ஒரு மணி நேரத்தில் முடிந்தது. மூன்றாவது முடிச்சூரில். ட்ரிப்பரை மறுபடி இணைத்ததும் அது உடனே விழுந்தது. "பாத்தீங்களா, இதுக்குத்தான் எடுக்கச் சொன்னேன்!" என்று வீட்டுக்காரர் கத்தினார். முனிரத்தினம் ஒவ்வொரு எம்.சி.பி.யாக ஏற்றிப் பார்த்தார். கீஸரை ஏற்றினால் மட்டும் விழுந்தது. குளிக்கும் தண்ணீரில் கரண்ட் கசிவு. கீஸரைக் கழற்றி வராந்தாவில் வைத்துவிட்டுக் கிளம்பும்போது மணி ஐந்தரை.

ஷ்யாம் ஸ்டேஷனுக்குப் போனானா என்று தெரியவில்லை. தேவானந்தத்தின் போன் அடிக்கவில்லை. கூப்பிட்டுக் கேட்கும் தைரியமும் அவருக்கு வரவில்லை.

"நாலாவது எங்க?"

முனிரத்தினம் தன் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் நின்றார். "பெருங்களத்தூர்ல அந்தப் புது ஃபிளாட்டு சார். ஆனா அந்தாளு வித்துட்டுப் போய்ட்டாரு. நம்பரு போவல. இப்ப யாரு கீறாங்கன்னே தெரியாது."

"எந்த வீடுன்னு தெரியுமில்ல?"

"லிப்ட்ல போனேன் சார். அஞ்சாவதா, ஆறாவதான்னு... எல்லா கதவும் ஒரே மாரி கீது."

ஜி.எஸ்.டி. ரோடு நெரிசலைத் தாண்டி அவர்கள் அங்கே போய்ச் சேர்ந்தபோது மழை பிடித்திருந்தது. செக்யூரிட்டியிடம் ஜெரூஷா பேசினாள். ஐந்தாவது மாடியில் எட்டுக் கதவு. ஆறாவதிலும் எட்டு. பதினாறு வீட்டில் ஏதோ ஒன்றில், போர்டில் நிற்கும் ட்ரிப்பரை நம்பி யாரோ குளிக்கிறார்கள், துவைக்கிறார்கள்.

தேவானந்தம் முதல் கதவின் மணியை அழுத்தினார். சங்கிலியைக் கழற்றாமல் ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். இடுப்பில் குழந்தை.

"யாருங்க?"

"என் பேர் தேவானந்தம்மா. உங்க மெயின் போர்டுல ஒரு பொத்தானை அமுக்கிப் பாக்கணும்."

"மெயின்டனன்ஸா?"

"ஆமா மேடம், சும்மா ஒரு செக்கிங்" என்று ஜெரூஷா ஆரம்பித்தாள். அவர் கையைக் காட்டி அவளை நிறுத்தினார்.

"இல்லம்மா. போன டிசம்பர்ல என் வீட்ல நான் ஒரு தப்பு பண்ணேன். அதனால மாடியில குடியிருந்த பொண்ணுக்கு ஷாக் அடிச்சு ரெண்டு விரல் மரத்துப்போச்சு. என்னைப் பாத்து அதே தப்பு இந்த பில்டிங்ல ஒரு வீட்லயும் நடந்திருக்கு. அது உங்க வீடான்னு பாக்கணும்."

அந்தப் பெண் அவரை நனைந்த செருப்பிலிருந்து தலை வரை பார்த்தாள். சங்கிலி கழன்றது.

கதவுக்குப் பின்னால் இருந்தது போர்டு. முனிரத்தினம் பொத்தானை அமுக்கினார். 'டக்' என்று விழுந்து வீடு இருண்டது. குழந்தை வீறிட்டது.

"இது நல்லா கீது சார்."

விசையை ஏற்றினார்கள். வெளிச்சம் வந்தது. தேவானந்தம் கைகூப்பிவிட்டு அடுத்த கதவுக்கு நகர்ந்தார். உள்ளே டி.வி. சத்தம். ஒரு பெரியவர் கதவைத் திறந்தார்.

"யாரு சார், என்ன வேணும்?"

தேவானந்தம் மறுபடியும் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.